ஏழு கட்டங்களின் மேல் ஒரு கோடு

ஜூன் 14

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலமாக இருக்கிறோம். உங்கள் இருமல் இப்போது எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தில் தொடங்கி, நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதிவைக்கப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உங்கள் பதில்களையும் என் கடிதங்களின் படிகளையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைப்பேன். காரணம் இதுதான்: பள்ளி ஆண்டு மலரில் ஒன்பதாம் வகுப்பின் சார்பில் ‘எங்கள் குடும்பத்தில் ஒருவரின் தொழில்’ என்று கட்டுரை எழுத என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் உங்களைப் பற்றி எழுதுகிறேன். தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் அம்மா பிடுங்கிக்கொண்டு உங்கள் கல்யாணத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள். கடிதத்தை அப்படிப் பிடுங்க முடியாது.

கட்டுரைத் தாளின் தலையில் இரண்டு வரிகள் அச்சிட்டிருக்கிறார்கள். உறவு, தொழில். உறவை நிரப்பிவிட்டேன். தொழிலில்தான் சிக்கல்.

“புரொஃபசர்னு போடு,” என்றாள் அம்மா.

“புரொஃபசர் எங்க ஆனா? இன்டர்வியூவே இன்னும் நடக்கலை. இப்போதைக்கு டெம்பரரிதானே,” என்றார் அப்பா.

“டெம்பரரின்னு ஒரு தொழிலா? உங்க தங்கச்சியா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?”

அதன் பிறகு மாலைவரை இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஆகவே நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் என்ன, சித்தி?

நேரத்துக்குச் சாப்பிடும்படி அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் துருவி


ஜூன் 27

அன்புத் துருவி,

நான் நலம். நீங்கள் மூவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. மூன்று வயதில் சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, “உள்ள யாரு சித்தி சுத்துறா?” என்று துருவித் துருவிக் கேட்டவளுக்கு நான் வைத்த பெயர் வீண்போகவில்லை.

நான் என்ன என்று கேட்கிறாய். என் அறையைச் சொல்கிறேன், நீயே முடிவுசெய். அறைக்கு இரண்டு கதவுகள். கிழக்குக் கதவைத் திறந்தால் புள்ளியியல் துறை. மேற்குக் கதவைத் திறந்தால் வரலாற்றுத் துறை. முன்பு இரண்டு துறைகளும் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்த அறை இது. நாற்காலிகளை எடுத்துவிட்டு என்னைப் போட்டார்கள்.

கிழக்கின் தலைவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கட்டம். எதைச் சொன்னாலும் தாளில் கட்டம் போட்டு அதற்குள் எழுதிக்கொள்வார். மேற்கின் தலைவர் தூசி. பழைய தாள்களோடு இருந்து இருந்து, தும்மாமல் ஒரு வாக்கியத்தை அவரால் முடிக்க முடியாது. யாராவது வந்தால் கட்டம் என்னை, “இவங்க நம்ம ஹிஸ்டரிக்காரங்க,” என்று அறிமுகம் செய்வார். தூசியோ, “இவங்க நம்ம கணக்கு டீச்சர்,” என்பார். இருவரும் ‘நம்ம’ சேர்த்துக்கொள்வதால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

மேற்கில் பென்சில்தான், பழைய தாளுக்குப் பக்கத்தில் மை ஆகாது. கிழக்கில் பென்சிலோடு நின்றால் சிரிப்பார்கள். அங்கே வெள்ளைப் பலகையும் மார்க்கரும். ஒரே தாளை மேற்கில் ஆவணம் என்பேன், கிழக்கில் தரவு என்பேன். பத்து வருடப் பழக்கம். கதவின் கைப்பிடியைத் தொட்டதும் நாக்கு தானாக மாறிக்கொள்ளும்.

ஒரு வேடிக்கை கேள். அறையில் ஒரே விளக்கு. அதற்கு இரண்டு சுவிட்சுகள், இரண்டும் வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக நடைபாதைச் சுவரில். ஐந்து மணிக்குக் கிழக்கின் உதவியாளர் வந்து ஒன்றைத் தட்டுவார், விளக்கு அணையும். ஐந்தேகாலுக்கு மேற்கின் உதவியாளர் வந்து மற்றதைத் தட்டுவார், விளக்கு எரியும். உள்ளே எட்டிப்பார்க்கும் வழக்கம் இருவருக்கும் கிடையாது. காலையில் நான் வரும்போது எனக்கு முன்பே என் விளக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

என் ஆராய்ச்சிக் கட்டுரையின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நூறு வருடங்களுக்கு முன் நடந்த ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சாவுப் பதிவேட்டை மாதம் மாதமாக எண்ணினேன். வடக்கு வார்டுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. அதன் பிறகு ஏழு மாதம் அங்கே ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. இதற்குக் கிழக்கிலும் மேற்கிலும் கைதட்டினார்கள். நவம்பர் 18 அன்று நிரந்தர வேலைக்கு நேர்காணல். இந்தக் கட்டுரைதான் என் கையிருப்பு.

அக்காவிடம் சொல், சாப்பிடுகிறேன்.

அன்புடன்,
சித்தி


ஜூலை 9

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். எல்லாரும் நலம். இருமலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

கட்டுரையை மூன்று முறை படித்தேன். கணக்குகள் புரியவில்லை; மற்றவை புரிந்தன. வரைபடத்தில் கோடு படிப்படியாக இறங்கித் தரையைத் தொடுகிற இடத்தைப் பார்த்தபோது எனக்கே கைதட்டத் தோன்றியது. அம்மா அதை எதிர்வீட்டு மாமியிடம் காட்டி, “இது என் தங்கச்சி போட்டது,” என்றாள். “பங்குச் சந்தையா?” என்று மாமி கேட்டார்.

நான்காம் பக்கத்தில் பதிவேட்டின் புகைப்படம் இருக்கிறதல்லவா, அதை அப்பாவின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அந்தக் காலத்து எழுத்தர் மிகவும் ஒழுங்கானவர் என்று நினைக்கிறேன். யாரும் சாகாத மாதத்தில் கட்டத்தின் நடுவே ஒரு சின்னச் சுழி போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் அப்படிப் பதினான்கு சுழிகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குட்டி வால். ஆனால் நீங்கள் சொன்ன ஏழு மாதங்களுக்கு மட்டும் சுழி இல்லை. ஏழு கட்டங்களின் மேலும் அளவுகோல் வைத்து ஒரே கோடாக இழுத்திருக்கிறது. கோட்டின் மை வேறு. அதற்கு அடுத்த மாதத்தில் எழுத்தும் வேறு. அந்த எழுத்தருக்குச் சுழியில் வால் கிடையாது.

பதினான்கு முறை பொறுமையாகச் சுழி போட்டவர் ஏன் ஏழு முறை போடவில்லை, சித்தி? அவருக்குச் சலிப்பு வந்துவிட்டதா? என் கட்டுரையில் இதை ஒரு பத்தியாக எழுதலாம் என்று இருக்கிறேன். இது ஆசிரியைக்குப் பிடிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
துருவி


ஆகஸ்ட் 11

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

ஜூலை 9 அன்று எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததா? தபால்காரரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். “நான் என்னம்மா, தின்னுட்டா போனேன்?” என்கிறார். கட்டுரையை அடுத்த மாதம் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
துருவி


ஆகஸ்ட் 30

அன்புத் துருவி,

நலம். கடிதங்கள் இரண்டும் வந்தன. வேலை அதிகம்.

அந்தக் கோட்டைப் பற்றி உன் கட்டுரையில் எழுத வேண்டாம். சிறுவர்கள் படிக்கும் மலர், இடம் போதாது. அறையைப் பற்றி எழுது, விளக்கைப் பற்றி எழுது. தொழில் என்ற இடத்தை இப்போதைக்குச் சும்மா விட்டுவை. நவம்பருக்குப் பிறகு சொல்கிறேன்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

சித்தி


செப்டம்பர் 6

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். அப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து சரியாகிவிட்டது. உங்களுக்கு எப்படி?

நீங்கள் சொன்னபடி அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். கட்டுரையை இன்று கொடுத்தாயிற்று. இரண்டு கதவு, ஒரு விளக்கு என்ற பகுதியைக் கேட்டு வகுப்பே சிரித்தது. தொழில் என்ற இடத்தைச் சும்மா விட்டால் மறந்துவிட்டேன் என்று ஆசிரியை நினைப்பார். அதனால் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

உள்ளது உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், அதனால் இதையும் எழுதுகிறேன். கட்டுரை முடிந்த பிறகு தாளில் அரைப் பக்கம் மிச்சம் இருந்தது. இடம் இருந்தது, சித்தி.

உங்கள் துருவி


அக்டோபர் 21

அன்புத் துருவி,

உங்கள் மூவரின் நலத்தையும் எதிர்பார்க்கிறேன். அப்பாவுக்குக் காய்ச்சல் திரும்பி வரவில்லையே?

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இடம் போதாது என்று சொன்னது பொய். உண்மையை எழுதுவேன் என்று சொல்லி வந்தவளை அந்தப் பொய்க்கு உடந்தையாக்கினேன். முதலில் அதற்கு மன்னித்துவிடு.

அந்தக் கோட்டை நான் பார்க்காமல் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பே பார்த்தேன். கணினியில் ஏற்றும்போது அது கோட்டை ஏற்கவில்லை, எண்தான் கேட்டது. நான் ஏழு இடத்திலும் சுழியம் தட்டினேன். தட்டிவிட்டுக் கிழக்கில் போய், “இந்த இடத்துல கோடு இருந்துச்சு, நான் சுழியம் போட்டேன்,” என்றேன். கட்டம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கோடுன்னா என்னன்னு உங்க ஹிஸ்டரிக்காரங்களுக்குத் தெரியாதா? நீங்க சொன்னா சரிதான்.” மேற்கில் போய் அதையே சொன்னேன். தூசி தும்மிவிட்டு, “நம்பர் விஷயம்லாம் உங்க ஆளுங்க பாத்துப்பாங்கம்மா,” என்றார். கிழக்கில் நான் மேற்கின் ஆள், மேற்கில் கிழக்கின் ஆள். இருவரும் என்னை நம்பினார்கள். நான் யாரை நம்பினேன் என்று யாரும் கேட்கவில்லை. வரைபடம் அழகாக வந்தது. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

உன் ஜூலைக் கடிதம் வந்த பிறகு ஒரு மாதம் அதை மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருந்தேன். செப்டம்பரில் உன் அடுத்த கடிதம் வந்தது. அரைப் பக்கம் மிச்சம் என்று எழுதியிருந்தாய். மறுநாள் ஆவணக் காப்பறைக்குப் போனேன்.

அந்தக் காப்பகத்தில் போர்வைக்குத் தனியாக ஒரு பதிவேடு உண்டு. யாரும் அதைத் திறந்ததில்லை. போர்வையில் என்ன சரித்திரம், என்ன புள்ளிவிவரம்? குழந்தைக்கு ஒரு போர்வை, எண் போட்டு. குழாய் வந்த மாதத்தில் வடக்கு வார்டில் அறுபத்தொரு போர்வைகள். கோடு முடிந்த அடுத்த மாதம், அதாவது எட்டாவது மாதத்தில், இருபத்திரண்டு. மீதி முப்பத்தொன்பதுக்கும் எதிரே ஒரே வாக்கியம்: ‘கொதிநீரில் இட்டு, உலர்த்தி, அலமாரியில் சேர்க்கப்பட்டது.’ வேறு இடத்துக்கு அனுப்பிய குழந்தைகளுக்கென்று இன்னொரு பதிவேடு இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டேன். அந்த ஏழு மாதத்தில் யாரையும் எங்கும் அனுப்பவில்லை.

நாற்பதாவதாக ஒரு வரி இருந்தது. ‘எழுத்தர் அறை, போர்வை ஒன்று, கொதிநீரில் இட்டு.’ உன் ஒழுங்கான எழுத்தருக்குச் சலிப்பு வரவில்லை, துருவி. எழுத அவர் இல்லை. எட்டாம் மாதம் வந்த புது எழுத்தர், தனக்குத் தெரியாத ஏழு மாதத்துக்கும் சுழி போடாமல் கோடு இழுத்தார். அவர் நேர்மையானவர். சுழியம் போட்டவள் நான்தான்.

நேர்காணலுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அக்காவிடம் காட்டாதே.

சித்தி


நவம்பர் 1

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். அப்பாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. நீங்கள் தூங்குகிறீர்களா?

அம்மா பார்த்துவிட்டாள். நான் காட்டவில்லை, அழுதுகொண்டிருந்ததால் கையிலிருந்து வாங்கிவிட்டாள். கடிதத்தைப் பிடுங்க முடியாது என்று ஜூனில் எழுதியது தவறு.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கச் சொல்லி உன்னை யாருடி கேட்டா?” இது எனக்கு. பிறகு உங்களுக்கு: “இன்டர்வியூ முடியட்டும்னு எழுது. வேலை கையில வந்ததும் ஊரைக் கூட்டிச் சொல்லட்டும். நூறு வருஷமா யாரும் கேக்கலை, இன்னும் ஒரு மாசத்துல என்ன ஓடியா போயிடும்? பத்து வருஷம் அந்த இருட்டு ரூம்ல இருமிக்கிட்டு கிடந்திருக்கா. எழுது, நான் சொன்னேன்னு எழுது.” அப்பா, “அவ சொல்றதும் சரிதான்,” என்றார். இந்த விஷயத்தில் இருவரும் ஒரே பேச்சாக இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

நான் கேட்காமலே இருந்திருக்கலாமா என்று தினமும் நினைக்கிறேன். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த முப்பத்தொன்பது பேரில் என் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்?

உங்கள் துருவி


டிசம்பர் 5

அன்புத் துருவி,

எல்லாரும் நலமா?

உன் கேள்விக்கு விடை முதலில். பெரிய பிள்ளைகளுக்குப் பெரிய போர்வை, சின்னவர்களுக்குச் சின்னது. கொதிநீரில் இட்டவற்றில் பெரியவை பதினொன்று. பெயர்கள் இல்லை, எண்கள்தான். அவற்றை இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். அவை எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும். உன் கோப்பில் இருக்கட்டும்.

நவம்பர் 11 அன்று கிழக்கில் சொன்னேன், அரை மணி கழித்து மேற்கில் சொன்னேன். கட்டம் தாளில் கட்டம் போடாமல் கேட்டது அன்றுதான். தூசி தும்மவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினேன்.

நேர்காணலுக்குப் போனேன். வெளியிலிருந்து வந்த நிபுணர் நல்ல மனிதர். என் கோப்பைப் புரட்டிவிட்டு, “தப்பை நீங்களே கண்டுபிடிச்சிருக்கீங்க, அதுவும் போர்வையை எண்ணி. பாராட்டணும். ஆனா இந்த வேலையை எந்தத் துறையில வச்சு மதிப்பிடறது?” என்றார்.

“ஆவணத்தைப் படிச்சதுலதான் பிசகு. அது ஹிஸ்டரி பக்கம்,” என்றார் கட்டம்.

“சுழியம் போட்டது கணக்குப் பக்கம்,” என்றார் தூசி.

பத்து வருடமாக என்னோடு ஒட்டியிருந்த ‘நம்ம’ இரண்டும் அந்த அறையில் விழுந்ததை நான் கேட்டேன்.

“நான் ரெண்டு பக்கமும்தாங்க,” என்றேன்.

“அப்படி ஒரு இடம் இந்த ஃபாரத்துல இல்லீங்களே,” என்றார் நிபுணர். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

ஜனவரி 31க்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். வேறோர் ஊரில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் ஆறு மாத வேலை கிடைத்திருக்கிறது. உடனே வரச் சொல்கிறார்கள். புத்தகங்களை மட்டும் அக்கா வந்து எடுத்துப்போனால் உதவியாக இருக்கும்.

நீ கேட்டதால் இப்படி ஆனது என்று ஒருநாளும் நினைக்காதே. நினைப்பாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

சித்தி


பிப்ரவரி 2

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நாங்கள் நலம். புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? உங்கள் பழைய அறையின் மேசை இழுப்பறையில் ஐந்து காலி இருமல் மருந்துப் புட்டிகள் இருந்தன. அம்மா அவற்றைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். இந்த முறையாவது இருமலைப் பற்றி எழுதுங்கள்.

ஆண்டு மலர் போன வாரம் வந்தது. என் கட்டுரை பன்னிரண்டாம் பக்கத்தில். தலைப்புக்குக் கீழே இப்படி இருக்கிறது: ‘உறவு: சித்தி. தொழில்: இல்லை.’ நான் கோடுதான் போட்டிருந்தேன். ஆசிரியையிடம் ஓடினேன். “கோடு போட்டா இல்லைன்னுதானே அர்த்தம்? எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க?” என்றார். நல்லவர்தான். “யாரு கவனிக்கப்போறாங்க, விடும்மா,” என்றும் சொன்னார்.

என்னால் விட முடியவில்லை. எங்கள் வகுப்புக்கு வந்தவை நாற்பத்திரண்டு பிரதிகள். அத்தனைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டினேன். ‘பக்கம் 12: என் சித்திக்குத் தொழில் உண்டு. அதை நிரப்பும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தவறு என்னுடையது.’ சில பேர் சிரித்தார்கள். பின்வரிசையில் இருப்பவள் சீட்டைக் கிழித்துவிட்டாள். இன்னொன்று எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 31 அன்று அம்மாவும் நானும் உங்கள் அறைக்குப் போனோம். புத்தகங்கள் ஒன்பது பெட்டிகள் வந்தன. பென்சில்களையும் மார்க்கர்களையும் ஒரே டப்பாவில் போட்டேன். கிழக்குக் கதவில் உங்கள் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள். மேற்குக் கதவில் ஓட்டைகூட இல்லை. அங்கே பலகை வைக்கவே இல்லையாம். மூலையில் கால் உடைந்த நாற்காலிகள் மூன்று அதற்குள் வந்துவிட்டன.

அம்மா எல்லாவற்றையும் கட்டிவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். “இங்கயா பத்து வருஷம் இருந்தா?” என்றாள். பிறகு, “நான் அப்படி எழுதச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. துருவியாக இருந்தும் கேட்கவில்லை.

வண்டிக்காரர் ஐந்து மணிக்கு மேல்தான் வருவார் என்றார்கள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. நீங்கள் எழுதிய வேடிக்கையைக் கண்ணால் பார்க்கலாம் என்று இருந்தேன். சரியாக ஐந்துக்குக் கிழக்கு நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. சுவிட்ச் தட்டும் சத்தம். அறை இருண்டது. “கொஞ்சம் இரும்மா, இன்னொருத்தர் வருவார்,” என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தேகால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. மேற்குக் கதவைத் திறந்து பார்த்தேன். நடைபாதையின் கடைசியில் அந்தப் பக்கத்து உதவியாளர் பூட்டிக்கொண்டிருந்தார். “இந்த ரூம் விளக்கு?” என்று கேட்டேன்.

“இங்க ஆள் இல்லன்னு சொல்லிட்டாங்களேம்மா. இனி நான் வர வேண்டியதில்ல,” என்றார்.

உள்ளது உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருந்ததால் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். ஜனவரி 31, மாலை ஐந்து மணி. விளக்கு அணைக்கப்பட்டது.